அந்தப் பாயில் நானும் உட்கார்ந்திருந்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வந்த கல்விக் கட்டுரையில் ஒரு வரி மூன்று நாளாக மனதை அறுக்கிறது. பிள்ளைகளைப் பாயில் கும்பலாக உட்கார வைத்ததில்தான் அரசுப் பள்ளிப் படிப்பு கெட்டதாம்; படிப்பு என்பது தனியாக உட்கார்ந்து செய்கிற வேலையாம். 31 வருடம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். அந்தப் பாயில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளைகளைப் பாயில் உட்கார வைத்து, பாட அட்டைகளைக் கொண்டு தாங்களே செய்து படிக்க விட்ட செயல்வழிக் கற்றல் முறை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, 2007-08இல் மாநிலம் முழுக்க வந்ததெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. அதில் கும்பல் எங்கே இருந்தது? பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படிப் படத்தைப் பார்த்துப் பிள்ளை தன் அட்டையைத் தானே எடுக்கும். அதிலுள்ள சின்னத்தைப் பார்த்துத் தன் குழுவுக்குப் போகும். ஒரு குழுவில் டீச்சர் கூடவே இருப்பார், இன்னொன்றில் கூடப் படிக்கிற பிள்ளை சொல்லித் தரும், கடைசியில் தானே செய்து காட்ட வேண்டும். சேர்ந்து படிப்பதும் தனியாகப் படிப்பதும் ஒரே ஏணியில்தான் இருந்தன.

என் வகுப்பில் ஒரு பையனுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் ஒரு வாரமாக ஏறவில்லை. 32இல் 7 போகணும். இரண்டிலிருந்து எப்படி ஏழு போகும் என்று குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்த நாலாம் வகுப்புப் பெண் பத்துக் குச்சிக் கட்டு ஒன்றை எடுத்து ரப்பர் பேண்டை உருவிவிட்டு, "கட்டைப் பிரிடா, அப்புறம் கழி" என்றாள். அவ்வளவுதான். நான் கரும்பலகையில் அதையே எத்தனை முறை எழுதியிருப்பேன்!

குழு என்ற பெயரில் தவறே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 2012இல் ஆண்டை மூன்று பருவமாகப் பிரித்த முப்பருவ முறை வந்து, வகுப்பில் செய்கிற வேலைகளைப் பார்த்துப் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் என்றானதும், ஒரே சார்ட்டில் ஆறு பேர் பெயர், ஒரு பெண்ணின் கையெழுத்து என்று வந்ததை நானே பார்த்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். அது தப்பு, இன்றும் உறுத்துகிறது. ஆனால் ஒருத்தி எழுத ஐந்து பேர் வேடிக்கை பார்ப்பது குழு வேலையே அல்ல.

பொதுத்தேர்வில் முதலிடம் பிடித்தவர் பெயரை அறிவிப்பதை அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. இருந்தும் மே மாதம் வந்தால் தங்கள் பத்திரிகையில் பக்கம் பக்கமாகப் பள்ளி விளம்பரம், அதில் தனித்தனி முகங்கள். அந்தக் குச்சிக் கட்டைப் பிரித்தவளின் படத்தை யார் போடுவார்கள்?

அடுத்த முறை தொடக்கப் பள்ளியைப் பற்றி எழுத வருபவரை, ஒரு நாள் காலை பத்து மணிக்கு வகுப்புக்குள் போய் உட்காரச் சொல்லுங்கள். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, இப்போதும் பிள்ளைகள் குழுவாகத்தான் படிக்கிறார்கள். 'கும்பல்' என்ற சொல்லுக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை,
செஞ்சி.