நனைந்த சருகும் கிணற்று மோட்டாரும்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே டோக்கியோவில் எல்லோரும் நலம். சின்னவனுக்கு வந்த ஜலதோஷமும் போய்விட்டது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள், அதனால்தான். உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ரிட்டையர் ஆன மூன்று மாதத்தில் கிணற்று மோட்டாரை நாலு தடவை கழற்றி மாட்டினீர்களாம், சமையலறை வாசலில் நின்றுகொண்டு பருப்புக்கு இரண்டு விசில் போதும் என்கிறீர்களாம். இது போதாதென்று அந்த நகைக்கடையில் கூப்பிட்ட மேற்பார்வை வேலைக்கு வேறு சரி சொல்லப் போகிறீர்களாம். தினமும் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி, மாதத்துக்கு இரண்டு நாள் லீவு. முப்பத்தைந்து வருஷம் மின்வாரியத்தில் மழையென்றும் புயலென்றும் பாராமல் போஸ்ட் ஏறிய முழங்கால் அப்பா அது.

ரிட்டையர் ஆன பிறகு பெண்டாட்டி பின்னாலேயே சுற்றுகிறவருக்கு ஜப்பானியர் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், 'நுரே ஒச்சிபா'. நனைந்த சருகு என்று அர்த்தம், எவ்வளவு பெருக்கினாலும் தரையை விட்டு வராதாம். அம்மாவிடம் சொன்னேன், அவள் சிரித்த சிரிப்பு உங்களுக்கும் கேட்டிருக்கும்.

சொல்ல வந்தது வேறு. போன மாதம் சின்னவன் எங்கள் வீட்டு ஷோஜியில் விரலை விட்டு வரிசையாக ஏழு ஓட்டை போட்டுவிட்டான். ஷோஜி என்றால் மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டிய தள்ளுகதவு. வாடகை வீடு, ஆகவே பயந்துபோய்ப் பக்கத்து வீட்டு அம்மாவைக் கேட்டேன். அவர்தான் இந்த வட்டாரத்து முதியோர் வேலை மையத்துக்குப் போன் பண்ணிக் கொடுத்தார். மறுவாரம் இரண்டு தாத்தாக்கள் வந்தார்கள், ஒருவருக்கு 72 வயது, இன்னொருவருக்கு 76. பழைய காகிதத்தை ஈரப்பஞ்சால் ஒற்றி, பசை இளகியதும் முழுத்தாளாக உரித்தார்கள். சட்டம் காயும்வரை டீ குடித்தார்கள் (நான் போட்ட இஞ்சி டீ, இரண்டாவது கப் கேட்டு வாங்கினார்கள்). பிறகு குச்சி குச்சியாகப் பசை தடவிப் புதுக் காகிதத்தை உருட்டி விரித்து, ஓரத்தை அளவுகோல் வைத்துச் சீவினார்கள். அங்கங்கே சுருக்கம் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் கவலைதான். பசை காய்ந்ததும் பெரியவர் தண்ணீரைப் புகை மாதிரி மேலே தெளித்துவிட்டு, பேசாமல் இரு என்பதுபோல் கையைக் காட்டினார். காயக் காய அந்தக் காகிதம் தவில் தோல் மாதிரி விறைத்துக்கொண்டது! சின்னவன் விரலை நீட்டிக்கொண்டு வந்தான், அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டேன்.

அந்தப் பெரியவர் சுரங்க ரயிலில் சிக்னல் பராமரிப்பில் இருந்தவராம். காகிதம் ஒட்டவே ரிட்டையர் ஆன பிறகுதான் கற்றுக்கொண்டாராம். மாதத்தில் எட்டு நாள், ஒன்பது நாள் வேலை, மிச்ச நாளெல்லாம் மீன்பிடிக்கப் போய்விடுவாராம்.

அந்த மையத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், உங்களுக்குப் பிடிக்கும். 1975-இல் இதே எடொகாவா வட்டாரத்தில்தான், அதாவது நாங்கள் இருக்கும் நிஷி கசாய் சேர்ந்த வட்டாரத்தில்தான், முதல் மையம் ஆரம்பித்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ஒகோச்சி கசுவோ என்கிற பொருளாதாரப் பேராசிரியர் இதற்கு முன்னின்றவர்களில் ஒருவர். 1986-இல் சட்டத்திலேயே இடம்பெற்று, இப்போது நாடு முழுக்க இருக்கிறது, ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக உறுப்பினர்கள். மற்ற ஊர்களில் சில்வர் மையம் என்பார்கள். 1973-இல் ரயிலில் வயதானவர்களுக்கு ஒதுக்கிய இருக்கைக்கு வெள்ளி நிற உறை போட்டார்களாம், அதிலிருந்துதான் இங்கே சில்வர் என்றாலே முதுமை என்றாகிவிட்டது. எங்கள் வட்டாரத்தில் மட்டும் 'ஜுகுநென்' என்பார்கள், பழுத்த வயது. எனக்கு இதுதான் பிடிக்கிறது.

அறுபது தாண்டியவர்கள் பெயர் கொடுக்கலாம். மாதம் ஏறக்குறைய பத்து நாள், இல்லையென்றால் வாரத்துக்கு இருபது மணி நேரம், அவ்வளவுதான் வேலை. ஒரே வேலையை மூன்று பேர் முறை வைத்துப் பங்குபோட்டுக்கொள்வார்கள், ஒருவருக்கு ஆஸ்பத்திரி போக வேண்டுமென்றால் இன்னொருவர் வருவார். மரம் கத்தரிப்பது, புல் பிடுங்குவது, பூங்கா பெருக்குவது, சைக்கிள் ஸ்டாண்டு பார்த்துக்கொள்வது, உறைகளில் முகவரி எழுதித் தருவது என்று பலவகை.

இதில் இடிக்கிற விஷயமும் உண்டு. அங்கே கிடைப்பது சம்பளம் இல்லை, பங்குப்பணம் என்றுதான் சொல்கிறார்கள், உறுப்பினர்கள் யாரிடமும் ஊழியராக வேலை பார்ப்பதில்லை. அதனால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொதுவாக இவர்களுக்குப் பொருந்தாது. ஏணியிலிருந்து விழுந்தால் தொழிலாளர் இழப்பீடு கிடையாது, மையம் எடுத்து வைத்திருக்கிற காப்பீடுதான். அப்புறம் எல்லோரும் பொழுதுபோகாமல் வருகிறார்கள் என்றும் நினைக்காதீர்கள். நாற்பது வருஷம் முழுதாகக் கட்டியவருக்கே அடிப்படைப் பென்ஷன் மாதம் 70,000 யென் சுற்றுவட்டாரம், டோக்கியோவில் அது வாடகைக்கே சரியாக இருக்கும். 65-லிருந்து 69 வயதுக்குள் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு வேலைக்குப் போகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு ரோட்டு வேலை நடக்கும் இடத்தில் சிவப்பு விளக்குக் குச்சியை ஆட்டிக்கொண்டு நிற்கும் தாத்தாவைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம் வருவதில்லை, வயிற்றைப் பிசைகிறது. அந்த நகைக்கடை வேலையை வேண்டாம் என்று சொல்வதும் அதனால்தான்.

உங்களுக்குப் பென்ஷன் வருகிறது, வீடு சொந்த வீடு. பணத்துக்காக நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. தெருவில் எத்தனை வீட்டில் எர்த் சரியில்லை, இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றக்கூட ஆள் இல்லை. உங்களோடு ரிட்டையர் ஆன லைன்மேன் மாமாவும் வயர்மேன் அண்ணனும் சும்மாத்தானே இருக்கிறார்கள்? மூன்று பேரும் வாரத்துக்கு இரண்டு இரண்டு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. கூலி கட்டாயம் வாங்குங்கள். இனாம் என்றால் நம்ம தெருவில் ராத்திரி பதினொன்றுக்கும் கதவைத் தட்டுவார்கள், உங்களுக்கும் முடியாது என்று சொல்ல வராது. ஏணி ஏறுகிற வேலை மட்டும் வேண்டாம், அதற்கு ஒரு பையனை வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை இதைப் படித்துவிட்டு, மூன்றே நாளில் மாமா மற்ற இருவரின் முறையையும் சேர்த்து ஆறு நாளும் தாமே போக ஆரம்பித்துவிடுவார் என்கிறார். பார்க்கலாம்.

மறந்தேவிட்டேன். அந்த சிக்னல் தாத்தா, உன் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். மின்வாரியத்தில் ஃபோர்மேன் என்றதும் கண்ணே விரிந்துவிட்டது, படம் இருக்கிறதா என்றார். இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு போஸ்டில் சாய்ந்து நிற்பீர்களே, அந்தக் கறுப்பு வெள்ளைப் படம், பரண் மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியில் கிடக்கும். போனில் ஒரு படம் பிடித்து அனுப்புங்கள். நீங்கள் ஸ்டூல் போட்டு ஏறாதீர்கள், தம்பி ஞாயிற்றுக்கிழமை வரும்போது எடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த மகள்