விடை 1/6 அல்ல, 2/11

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரக் கல்வி இணைப்பில் வந்த நிகழ்தகவு மாதிரி வினாத்தாளில் ஒரு விடை பிழையாக அச்சாகியிருக்கிறது. 'இரண்டு பகடைகள் உருட்டப்படுகின்றன. குறைந்தது ஒன்றிலாவது 5 விழுந்தது எனத் தெரிந்தால், கூடுதல் 8 ஆக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?' என்ற கேள்விக்கு 1/6 என்று போட்டிருக்கிறீர்கள். சரியான விடை 2/11. பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் சித்தூர் தாலுகாவில் கீம் (கேரளப் பொறியியல் நுழைவுத் தேர்வு), ஜேஇஇ மெயின் (அகில இந்தியப் பொறியியல் நுழைவுத் தேர்வு) எழுதப்போகும் தமிழ்ப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்துப் படிக்கிறார்கள். ஆகவே திருத்தம் அவசியம்.

பிழை எங்கே நேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். முதல் பகடையில் 5 வரும் விளைவுகள் 6. இரண்டாவதில் 5 வருபவையும் 6. கூட்டினால் 12. ஆனால் (5,5) இரண்டு கணக்கிலும் சேர்ந்துவிட்டது. ஒன்றைக் கழித்தால் 11. இந்தப் பதினொன்றில் கூடுதல் 8 தருபவை (5,3), (3,5) ஆகிய இரண்டுதான். கேள்வி 'முதல் பகடையில் 5 விழுந்தது' என்று இருந்திருந்தால் 1/6 சரி. அங்கே ஆறு விளைவுகளில் (5,3) மட்டுமே பொருந்தும். (5,5)-ஐ இருமுறை எண்ணித் தவறியவரும், கேள்வியை அவசரமாக வாசித்தவரும் ஒரே 1/6-இல் போய் நிற்பார்கள். கேள்வித்தாள் தயாரிப்பவர் அந்த 1/6-ஐ விடைகளுள் ஒன்றாக வைக்காமல் விடமாட்டார்.

ஒன்று நடந்துவிட்டது எனத் தெரிந்தபின் மற்றொன்றுக்குக் கணக்கிடும் நிபந்தனை நிகழ்தகவில் பிள்ளைகள் பெரும்பாலும் தடுக்கி விழுவது தொகுதியில் அல்ல, பகுதியில். நிபந்தனை சொல்லப்பட்ட அந்த நொடியே பழைய கூறுவெளி, அதாவது எல்லா விளைவுகளின் பட்டியல், முடிந்துவிட்டது. இரண்டு பகடைகளின் மொத்த விளைவுகளான 36-க்கு இனி வேலையில்லை. இரண்டும் சேர்ந்து நடக்கும் வெட்டு நிகழ்ச்சியின் நிகழ்தகவை நிபந்தனையின் நிகழ்தகவால் வகுக்கும் சூத்திரம் சொல்வதும் இதைத்தான்: 2/36-ஐ 11/36-ஆல் வகுத்தால் 36 தானே அடிபட்டுப் போகும்.

விளைவைப் பார்த்து அது எங்கிருந்து வந்திருக்கும் எனக் கணக்கிடும் பேயீஸ் தேற்றம் என்றால் பயப்படுகிறவர்களுக்கு, எங்கள் பகுதி முதலமடை மாங்காயை வைத்து ஒரு கணக்கு. ஒரு கிடங்குக்கு வரும் காய்களில் 60 சதவீதம் முதல் தோப்பிலிருந்து, 40 சதவீதம் இரண்டாம் தோப்பிலிருந்து. முதல் தோப்புக் காயில் 5 சதவீதம் அடிபட்டது, இரண்டாம் தோப்புக் காயில் 10 சதவீதம். எடுத்த காய் அடிபட்டது என்றால், அது இரண்டாம் தோப்புக் காயாக இருக்க நிகழ்தகவு என்ன? சூத்திரத்தை மறந்துவிட்டு 1000 காய் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் தோப்பு 600, அதில் அடிபட்டது 30. இரண்டாம் தோப்பு 400, அதில் அடிபட்டது 40. அடிபட்ட காய் மொத்தம் 70. விடை 40/70, அதாவது 4/7. தசமப் பெருக்கலே இல்லை. கீம் தேர்வில் 180 நிமிடத்தில் 150 கேள்வி. ஒன்றுக்கு 72 விநாடிதான். அதற்குள் இந்த எண்களைத் தாராளமாக எழுதிவிடலாம்.

இதே கேள்விக்கு வரக்கூடிய தவறான விடைகளைப் பார்த்தால் பாடம் இன்னும் தெளியும். 1/10 என்று குறித்தவர் 'இரண்டாம் தோப்புக் காய்களில் அடிபட்டவை எத்தனை' என்ற தலைகீழ்க் கேள்விக்கு விடை எழுதியிருக்கிறார். 1/25 என்றவர் 1000-இல் 40 என்று வெட்டோடு நின்றுவிட்டார், பகுதியை 70-ஆக மாற்றவில்லை. 2/5 என்றவருக்கு 'அடிபட்டது' என்ற தகவலே கண்ணில் படவில்லை. மூன்று தவறுக்கும் மருந்து ஒன்றுதான்: கணக்கைத் தொடங்கும் முன் நிபந்தனைக்கு அடியில் கோடு போட்டு, அதில் அடங்கும் எண்ணிக்கையைப் பகுதியில் முதலில் எழுதிவிட வேண்டும். தொகுதி பிறகு வரட்டும்.

ஒன்று நடக்காமல் போவதைக் குறிக்கும் நிரப்பு நிகழ்ச்சியிலும் ஒரு குழி உண்டு. முதல் தோப்புக் காய் அடிபட்டிருக்க 0.05 என்றால், அடிபடாமலிருக்க 0.95, இது சரி. ஆனால் முதல் தோப்பு அல்லாத காய் அடிபட்டிருக்க 0.95 என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது 0.10 என்று கேள்வியிலேயே இருக்கிறது! P(A|B) என்று எழுதும்போது கோட்டுக்கு இடப்பக்கம் உள்ள A-ஐ மட்டுமே நிரப்பாக மாற்றி ஒன்றிலிருந்து கழிக்கலாம், வலப்பக்கம் உள்ள நிபந்தனை B-ஐத் தொடக்கூடாது. அதுபோல, ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளை, ஒன்று மற்றதன் நிகழ்தகவை மாற்றாத சார்பிலா நிகழ்ச்சிகள் என்று குழப்பிக்கொள்வதும் வழக்கம். ஒன்று நடந்தால் மற்றது நடக்கவே முடியாது என்பதைவிடப் பெரிய சார்பு எது? இரண்டின் நிகழ்தகவும் பூச்சியம் இல்லாதபோது அவை சார்பிலா நிகழ்ச்சிகளாக இருக்கவே முடியாது.

உங்கள் பக்கத்தில் 'தெரியாவிட்டால் ஊகித்து எழுதுங்கள்' என்ற பொது அறிவுரையும் இருந்தது. தேர்வுக்குத் தேர்வு கணக்கு வேறு. சரிக்கு 4, தவறுக்குக் கழிவு 1, ஐந்து விடைகள் என்ற கீம் முறையில் கண்ணை மூடிக் குறித்தால் சராசரி லாபம் சரியாகப் பூச்சியம். ஒரு விடையை உறுதியாக விலக்க முடிந்தால் மட்டுமே கால் மதிப்பெண் மிச்சம். அந்த விலக்கல் தவறாக இருந்தால் 1 மதிப்பெண் போவது நிச்சயம். ஆந்திராவின் பொறியியல் நுழைவுத் தேர்வான ஈஏபிசெட்டில் கழிவு மதிப்பெண் இல்லை. அங்கே எதையும் விடாமல் எழுதலாம்.

எங்கள் பகுதியில் பத்தாம் வகுப்பு வரை தமிழில் கணக்குப் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைகளுக்குத் தமிழில் கிடைக்கும் விளக்கம் குறைவு. அதனால்தான் உங்கள் இணைப்பை இவ்வளவு கவனமாகப் படிக்கிறோம். அடுத்த இதழில் திருத்தத்தை அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிடுங்கள். இனி வரும் மாதிரித் தாள்களில் சரியான விடையோடு, ஒவ்வொரு தவறான விடையும் எந்த இடத்துச் சறுக்கலால் வந்தது என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். சூத்திரப் பட்டியலுக்கு ஒதுக்கும் அரைப் பக்கம் அதற்குப் போதும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்