துருப்பை யார் திறப்பது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் 304 சீட்டாட்டத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். எங்கள் கடற்கரை ஆட்டம் அச்சில் வந்துவிட்டதே என்று சந்தோஷமாகத்தான் படித்தேன். நடுவில் ஒரு வரி: "தேவைப்படும்போது துருப்பைத் திறந்துகொள்ளலாம்." மற்ற வகைகளை வெட்டும் வகைதான் துருப்பு. அது யாருக்குத் தேவைப்படும்போது? திறப்பது யார்? பிடி, அதாவது நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டு இறக்கும் சுற்று, முடிவதற்கு முன்பா, பின்பா? எங்கள் ஊரில் சண்டை வருவதே இந்த இடத்தில்தான். அதைப் போய் இப்படி மொட்டையாக எழுதலாமா?

உங்களுக்குத் தெரியாதது இல்லை. முதல் நாலு சீட்டில் கேள்வி கேட்டு, அதாவது இத்தனை மதிப்பு எடுப்பேன் என்று ஏலம் சொல்லி, ஜெயித்தவர் தன் துருப்பு வகையில் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். மூடிய துருப்பில் ஆடும்போது, இறங்கிய வகை கையில் இல்லாதவர் தன் சீட்டைக் கவிழ்த்துப் போடுவார். அது வெட்டும் துருப்பா, வேறு வகைக் கழிவா என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அடுத்து இறக்க வேண்டியவர் 20 மதிப்புள்ள ஒன்பதைப் போடுவதா, மதிப்பே இல்லாத எட்டைப் போடுவதா என்று திண்டாடுவார். நாலு பேரும் இறக்கிய பிறகு, கேள்வி எடுத்தவர்தான் கவிழ்ந்த சீட்டைப் பார்ப்பார். துருப்பு இருந்தால் அதைக் காட்டி, தான் மூடி வைத்ததையும் திறப்பார். இல்லையென்றால் சீட்டு கவிழ்ந்தபடியே போகும், துருப்பும் மூடியபடியே இருக்கும்.

வகை இல்லாதவர் "துருப்பைக் காட்டு" என்று கேட்பது 28 என்ற இன்னொரு சீட்டாட்டத்தில். இரண்டுக்கும் அதே 32 சீட்டு, அதே வரிசைதான்: ஜாக்கி, ஒன்பது, ஆஸ், பத்து, ராஜா, ராணி, எட்டு, ஏழு. ஆனால் 28-ல் ஜாக்கி 3, ஒன்பது 2, ஆஸும் பத்தும் ஒவ்வொன்று. 304-ல் அந்த நாலும் 30, 20, 11, 10. ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. வகைக்கு 76, மொத்தம் 304. உங்கள் கட்டுரையாளர் மதிப்பை ஓர் ஆட்டத்திலிருந்தும் திறக்கும் முறையை இன்னோர் ஆட்டத்திலிருந்தும் எடுத்துவிட்டார் என்றே நினைக்கிறேன். "அடுத்தவர் இறக்குவார்" என்றும் எழுதியிருக்கிறார். எந்தக் கைப்பக்கம் என்று சொல்லவில்லை. 304 வலது கைப்பக்கம் சுற்றும். ரம்மி பழகிய பையனுக்கு இது எப்படித் தெரியும்?

பாம்பனில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், எங்களுக்கும் வேலை இருக்காது. வலைக் கொட்டகையில் பையன்கள் சீட்டுப் போட்டி வைத்தார்கள். கடைசி ஆட்டத்தில் ஒருவன் உங்கள் பத்திரிகையை வெட்டி எடுத்து வந்து, "பேப்பர்லயே போட்டிருக்கு, துருப்பைத் தொறங்க சித்தப்பா" என்றான். மூத்தவர்கள் முடியாது என்றார்கள். அச்சில் வந்ததற்கு முன்னால் எங்கள் பேச்சு எடுபடவில்லை. ஆட்டம் பாதியில் நின்றது. அதில் ஆடிய மாமனும் மருமகனும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. மண்டபம் முகாமில் இருக்கும் மன்னார்க்காரர் ஒருவர் எங்களோடு ஆடுவார். கடலுக்கு அந்தப் பக்கமும் இப்படித்தான் என்று அவரும் சொல்லிப் பார்த்தார். கேட்க ஆளில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். சீட்டு என்றாலே சூதாட்டக் கைதுச் செய்திதான் உங்கள் பத்திரிகையில் வரும். ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்த குடும்பங்களைப் பற்றி நீங்கள் எழுதியது நியாயம், நான் மறுக்கவில்லை. ஆனால் காசு வைத்து ஆடுவதும் நாங்கள் ஆடுவதும் ஒன்றா? ஜெயித்ததற்கு அடையாளமாகச் சிப்பிகளைத்தான் நகர்த்துகிறோம். ரம்மியே திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது. அப்புறம், மாமல்லபுரத்தில் 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது பக்கம் பக்கமாகப் போட்டீர்கள், ஆசையாகப் படித்தேன். செஸ்ஸில் ஒரு நகர்த்தலைத் தப்பாக அச்சடித்தால் மறுநாளே திருத்தம் போடுவீர்கள். எங்கள் ஆட்டத்துக்கு மட்டும் அந்த அக்கறை ஏன் இல்லை? ராமநாதபுரம் என்றால் தண்ணீர்ப் பஞ்சம், கடத்தல், பாம்பன் பாலம் தவிர வேறு எழுத ஒன்றுமே இல்லையா? இதைக் கேட்டு முன்பும் ஒரு கடிதம் அனுப்பினேன், பதில் இல்லை. பரவாயில்லை, உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

நான் கேட்பது நாலு வரித் திருத்தம். வகை இல்லாதவர் சீட்டைக் கவிழ்த்துப் போடுவார், பிடி முடிந்ததும் கேள்வி எடுத்தவரே பார்ப்பார், துருப்பு இருந்தால் மட்டுமே திறப்பார், ஆட்டம் வலது கைப்பக்கம் சுற்றும். ஜூன் 14-க்கு முந்தைய ஞாயிறு இணைப்பிலேயே வந்தால் நல்லது. படகுகள் கடலுக்குப் போய்விட்டால் அந்த நாலு பேரையும் மறுபடி ஒன்றாக உட்கார வைக்க முடியாது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், பாம்பன்