பேசாமல் கிடந்த பத்து நாள்

அன்பு மகள் கயலுக்கு,

நாங்கள் நலம். தைராய்டு கட்டியை எடுத்துவிட்டார்கள், பயப்பட ஒன்றுமில்லை. பத்து நாள் வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் தண்டனை. தேதிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதிக் காட்டித்தான் காப்பியே வாங்கிக் குடிக்கிறேன்.

நீ போன வருஷம் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்த ‘மேஷ்’ தொடரை, அதுதான் கொரியப் போரில் அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரி டாக்டர்களைப் பற்றிய அந்த டி.வி. தொடரை, இப்போதுதான் பார்க்கிறேன். கொரியப் போர் மூன்று வருஷம்தான் நடந்தது, இவர்கள் அதை 1972-லிருந்து 1983 வரை ஓட்டியிருக்கிறார்கள். சிரிப்புச் சத்தத்தைப் பின்னணியில் சேர்த்தவர்கள் ஆபரேஷன் தியேட்டர் காட்சிகளில் மட்டும் அதை விட்டுவிட்டார்களாமே, அந்த நாகரிகம் எனக்குப் பிடித்தது.

அதில் 1978-இல் வந்த ‘பாயிண்ட் ஆஃப் வியூ’ என்ற பகுதியை மட்டும் மூன்று தடவை பார்த்துவிட்டேன். தொண்டையில் அடிபட்டுப் பேச முடியாத ஒரு சிப்பாய். கேமராதான் அவன் கண். அவன் முகத்தை நமக்குக் காட்டுவதே இல்லை. ஹெலிகாப்டரில் தூக்கிப் போகிறார்கள், மயக்க மருந்து முகமூடி நம் மூக்கை நோக்கி இறங்குகிறது, டாக்டர் ஹாக்ஐ குனிந்து நம்மிடமே பேசுகிறார். நடிகர்கள் கேமராவைப் பார்த்துவிட்டால் ‘கட்’ சொல்லும் தொழிலில், அத்தனை பேரையும் நேராக அதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்!

வார்டில் இருந்தபோது எனக்கும் அப்படித்தான். மல்லாந்து கிடந்தால் ஃபேனும் மற்றவர்களின் மோவாயும்தான் தெரிந்தது. பேச முடியாதவனுக்குக் காதும் கேட்காது என்று ஒரு சின்ன டாக்டர் எப்படியோ முடிவு கட்டிவிட்டார். “தாத்தா! வலிக்குதா?” என்று அவர் கத்தியதில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் என் தலைக்கு மேலேயே அம்மாவிடம், “இவர் மாத்திரை போட்டுட்டாரா?” என்கிறார். இவர்! நீயும் நர்ஸ்தான், உன்னைச் சொல்லவில்லை.

அந்தக் கதையில் ஆஸ்பத்திரித் தலைவர் கர்னல் பாட்டர் தன் கல்யாண நாளை மறந்துவிட்டுத் தவிப்பார். அந்த இடம் வந்ததும் அம்மா முழங்கையால் ஒரு இடி இடித்தாள். பதில் எழுதத் தாள் தேடுவதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சரி, ஒன்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ அழைத்தபோது அம்மா போனை என் காதில் வைத்தாள். நீ “அப்பா, அப்பா” என்றதற்கு மோதிர விரலால் போனில் இரண்டு தட்டு தட்டினேன். கேட்டதா?

அன்புடன்,
அப்பா