ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். நீங்கள் நடத்தும் ஒருநாள் பயிற்சிகளுக்குத் தவறாமல் வந்திருக்கிறேன். குறிப்பெடுத்தேன், சான்றிதழ் வாங்கினேன், மறுநாள் பழையபடியே பாடம் நடத்தினேன். அரங்கில் பார்க்கும்போது எளிதாகத் தெரிந்த உத்தி, வகுப்பில் முதல் தடவை சொதப்பியதும் கைவிட்டுப் போய்விட்டது. ஏன் சொதப்பியது என்று கேட்க அருகில் ஆள் இல்லை.

என் பாடம் மாறியது வேறொரு நாளில். சக ஆசிரியர் ஒருவர் என் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பாடம் முடிந்ததும் ஒன்றே ஒன்று சொன்னார்: “கேள்வி கேட்டுட்டு நீங்க காத்திருக்கவே இல்லை. பதிலையும் நீங்களே சொல்லிடறீங்க.”

சுருக்கென்றது. அப்புறம்தான் தேடிப் படித்தேன். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, 1970களில் இதையே எழுதியிருக்கிறார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக 1 நொடி. அதை 3 நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். எங்கள் வகுப்பிலோ பிள்ளை முதலில் கேள்வியைப் புரிந்துகொள்ள வேண்டும், பதிலைத் தன் மொழியில் யோசிக்க வேண்டும், ஆங்கிலச் சொல்லைத் தேட வேண்டும், பிறகு வாக்கியமாகக் கோக்க வேண்டும். இதற்கு 3 நொடி எப்படிப் போதும்? இப்போது கேள்வி கேட்டதும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன். ஆண்டு முழுக்க வாய் திறக்காத ஒரு மாணவி அந்த ஐந்தாவது எண்ணில் பேசினாள். தப்பும் தவறுமாகத்தான் பேசினாள். ஆனால் பேசினாள்.

சக ஆசிரியரின் துணைக்கு இவ்வளவு பலன் உண்டு என்பது புதிய செய்தி அல்ல. விளக்கமும் செய்முறையும் மட்டும் கொடுத்தால் புதிய உத்தி வகுப்புக்குள் நுழைவது அரிது, பள்ளியிலேயே தொடர் வழிகாட்டல் இருந்தால்தான் நிலைக்கும் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். புதிதாக ஆங்கிலம் கற்பிக்க வருவோர் படிக்கும் கேம்பிரிட்ஜின் செல்டா படிப்பில்கூட, உண்மையான மாணவர்களுக்கு 6 மணி நேரம் பாடம் நடத்தியாக வேண்டும். பயிற்றுநர் உட்கார்ந்து பார்ப்பார். வேலைக்கு வந்தபின் எங்களில் பலருக்கு அந்தக் கண்கள் கிடைப்பதில்லை. வகுப்பைப் பார்க்க வருகிறவர்களும் எங்களுக்கு மதிப்பெண் போடும் தாளோடுதான் வருகிறார்கள்.

பாடப்பொருள்களுக்குப் பஞ்சமில்லை. பிரிட்டிஷ் கவுன்சில் முதல் பலரும் இலவசமாகவே தருகிறார்கள். அவற்றை நம் பிள்ளைகளின் நிலைக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டி மாற்ற நேரம்தான் இல்லை. இன்னொன்றையும் கூச்சமில்லாமல் சொல்கிறேன்: எங்கள் சொந்த ஆங்கிலத்துக்கும் தீனி வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒரே பாடநூலை நடத்துபவரின் ஆங்கிலம் அந்தப் பாடநூல் அளவுக்குச் சுருங்கிவிடும். பெரியவர்கள் படிக்கும் நாவல்களும் கட்டுரைகளும் எங்கள் ஓய்வறையில் இருக்கட்டும்.

அடுத்த ஆண்டுத் திட்டம் போடும்போது ஒருநாள் பயிற்சிகளில் பாதியைக் குறையுங்கள். மிச்சமாகும் நேரத்தில் மாதம் இரண்டு பாடவேளை, நாங்களே தேர்ந்தெடுக்கும் சக ஆசிரியரின் வகுப்பில் உட்காரவும் அவரோடு பேசவும் அனுமதி கொடுங்கள். அந்தப் பேச்சு எந்தக் கோப்பிலும் ஏற வேண்டாம். சக ஆசிரியர் ஒருவர் முதலில் என் வகுப்புக்கே வரட்டும், கடைசிப் பெஞ்ச் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்