ஏழு வருடம் கழித்தும் அதே விலையா? மேஜர் லீக் பேஸ்பால் வீரர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் உச்சப் பேஸ்பால் லீகான மேஜர் லீக்கின் அணி முதலாளிகளோடு 2022 மார்ச்சில் நீங்கள் போட்ட கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. அடுத்த பேச்சுவார்த்தை என்றாலே சம்பள உச்சவரம்பு பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்த இரைச்சலில் அமுங்கிவிடக் கூடாத விஷயம் இன்னொன்று இருக்கிறது. இருபது, இருபத்திரண்டு வயது வீரர்களிடம் கிளப்புகள் எழுதி வாங்கும் நீண்ட ஒப்பந்தங்களையும், அவற்றின் வாலில் ஒட்டி வரும் கிளப் ஆப்ஷன் ஆண்டுகளையும்தான் சொல்கிறோம். முன்பே எழுதிய விலைக்கு வீரரை வைத்துக்கொள்வதா விடுவதா என்று கிளப் மட்டுமே முடிவு செய்யும் கூடுதல் ஆண்டுகள் அவை. அந்த ஆண்டுகளுக்கு ஒரு குறைந்தபட்ச விலை வையுங்கள் என்பது எங்கள் கோரிக்கை.

அட்லாண்டா அணி வீரர் ஆஸி ஆல்பீஸின் ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்வோம். 2019 ஏப்ரலில் அட்லாண்டாவோடு ஏழு ஆண்டு, 3.5 கோடி டாலர் என்று செய்தி வந்தது. உள்ளே இருந்த கணக்கு இது: 2019-க்கும் 2020-க்கும் தலா 10 லட்சம், 2021-க்கு 30 லட்சம், 2022-க்கு 50 லட்சம், அதன்பின் மூன்று ஆண்டுக்குத் தலா 70 லட்சம். கூட்டினால் 3.1 கோடிதான் வரும். மீதி 40 லட்சம், 2026 ஆப்ஷன் வேண்டாம் என்று கிளப் சொன்னால் தரவேண்டிய பைஅவுட். அந்த ஆப்ஷனின் விலை 70 லட்சம். எப்படியும் 40 லட்சம் கொடுத்தாக வேண்டும் என்பதால், கிளப் உண்மையில் யோசிக்க வேண்டியது 30 லட்சத்தைப் பற்றி மட்டுமே. ஆப்ஷனை எடுத்துக்கொண்டார்கள், எடுக்காமல் இருந்தால்தான் அதிசயம். 2027-க்கும் அதே 70 லட்சம், அதற்குப் பைஅவுட்கூடக் கிடையாது.

கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் ஆல்பீஸ் 2023 சீசன் முடிந்ததும், எந்த அணியோடும் பேரம் பேசக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட் ஆகியிருப்பார். ஆக 2024 முதல் 2027 வரை நான்கு திறந்த சந்தை ஆண்டுகள், ஆண்டுக்கு 70 லட்சம் என்ற அடிமாட்டு விலைக்குப் போயின. அவற்றில் இரண்டில் கிளப்புக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. நிலத்துக்கு இன்று அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் எழுதிவிட்டு, எட்டு வருடம் கழித்து இன்றைய விலைக்கே கிரயம் கேட்பது போன்றது இது. நிலம் ஏறியிருந்தால் வாங்குவான், இறங்கியிருந்தால் அட்வான்ஸை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடுவான். நிலத்துக்காரனுக்கு மட்டும் எந்தப் பக்கமும் நகர முடியாது.

இப்படி ஒரு தாளில் ஒரு வீரர் ஏன் கையெழுத்துப் போடுகிறார் என்பதற்கு விடை சர்வீஸ் டைம் கணக்கில் இருக்கிறது. சீசன் ஏறத்தாழ 187 நாள்; அதில் 172 நாள் மேஜர் லீக் பட்டியலில் இருந்தால் ஒரு சேவை ஆண்டு. ஆறு ஆண்டு சேர்ந்தால்தான் சந்தைக்குப் போகலாம். முதல் மூன்று ஆண்டு கிட்டத்தட்டக் குறைந்தபட்ச சம்பளம், 2026-ல் 7.8 லட்சம் டாலர். அடுத்த மூன்றில் ஆர்பிட்ரேஷன், அதாவது உடன்பாடு வராவிட்டால் நடுவர்கள் சம்பளத்தை முடிவு செய்யும் முறை. இரண்டு ஆண்டு தாண்டியவர்களில் மேலே உள்ள 22 சதவீதம் பேர் 'சூப்பர் டூ' என்ற பெயரில் ஒரு வருடம் முன்னதாகவே ஆர்பிட்ரேஷனுக்குப் போகிறார்கள். ஏப்ரலில் இரண்டு வாரம் ஒருவரை, மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே உள்ள டிரிபிள்-ஏ-யில் உட்கார வைத்தால் கிளப்புக்கு ஏழாவது ஆண்டு கிடைத்துவிடும். 2015-ல் கிறிஸ் பிரையன்ட்டுக்கு ஷிகாகோ கப்ஸ் தந்தது சரியாக 171 நாள். உங்கள் சங்கத்தின் துணையோடு அவர் போட்ட முறையீடு 2020-ல் தோற்றது. 2022 ஒப்பந்தத்தில் இந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைத்தீர்கள். சிறந்த புதுமுக வீரர் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பிடிப்பவருக்கு முழு ஆண்டு என்று வந்தது. 2024 மே மாதம் அறிமுகமான பால் ஸ்கீன்ஸுக்கு அப்படித்தான் முழு ஆண்டு கிடைத்தது. நல்ல திருத்தம். ஆனால் அந்த இரண்டு இடத்துக்கு வெளியே நிற்கும் வீரருக்கு அதனால் ஒரு நாள்கூட லாபமில்லை.

இந்தக் கடிகாரம் கிளப்பின் கையில் இருக்கும்வரை, "கையெழுத்துப் போட்டால் நாளைக்கே மேலே" என்ற பேரத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. ஒருவர் சொல்லியும்விட்டார். 2021 பிப்ரவரியில் சியாட்டல் அணியின் தலைவர் கெவின் மாத்தர் ஒரு ரோட்டரி கூட்டத்தில், ஜாரட் கெலெனிக்குக்கு நீண்ட ஒப்பந்தம் நீட்டியதையும் அவர் மறுத்ததையும், இளம் வீரர்களின் சேவைக் கணக்கை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் காணொளியில் விளக்கமாகப் பேசினார். சில நாளில் பதவி விலகினார். அவர் விலகினார் என்பதால் வழக்கம் விலகிவிடவில்லை.

இன்னொரு காரணம் வறுமை. ரொனால்ட் அகுன்யா ஜூனியர் வெனிசுவேலாவிலிருந்து வந்தபோது அட்லாண்டா கொடுத்தது 1 லட்சம் டாலர். குராசோ தீவிலிருந்து வந்த ஆல்பீஸுக்கு 3.5 லட்சம். 2023-ல் மைனர் லீக் வீரர்களுக்காக நீங்கள் முதல்முறையாக ஒப்பந்தம் போட்ட பிறகும் டிரிபிள்-ஏ-யின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 35,800 டாலராகத்தான் இருந்தது. அதற்கு முன்பு அதுவும் இல்லை. அந்த நிலையில் இருப்பவர் முன்னால் பத்துக் கோடி என்று ஒரு எண்ணை வைத்தால், அவர் 2027-ஐப் பற்றி யோசிக்க மாட்டார். யோசிக்காததற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அகுன்யாவின் கணக்கையும் ஜுவான் சோட்டோவின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விலை தெரியும். இருவரும் 2018-ல் மேஜர் லீக்குக்கு வந்தவர்கள், ஒரு மாத இடைவெளியில். அகுன்யா 2019-ல் எட்டு ஆண்டு, 10 கோடிக்குக் கையெழுத்திட்டார்; 2027, 2028-க்குத் தலா 1.7 கோடியில் இரண்டு கிளப் ஆப்ஷன். சோட்டோ எதிலும் கையெழுத்திடவில்லை, வாஷிங்டன் 2022-ல் நீட்டிய 44 கோடியையும் மறுத்தார். 2021 முதல் 2024 வரை அகுன்யாவுக்குக் கிடைத்தவை 50 லட்சம், 1.5 கோடி, 1.7 கோடி, 1.7 கோடி, மொத்தம் 5.4 கோடி. அதே நான்கு ஆண்டு ஆர்பிட்ரேஷன் வழியாக சோட்டோ வாங்கியவை 85 லட்சம், 1.71 கோடி, 2.3 கோடி, 3.1 கோடி, மொத்தம் 7.96 கோடி. இதுவரை வித்தியாசம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான், காப்பீட்டுப் பிரீமியம் என்று வைத்துக்கொள்ளலாம். அகுன்யாவுக்கு 2021-லும் 2024-லும் முழங்கால் தசைநார் கிழிந்தது என்பதால் அந்தப் பிரீமியம் வீண் என்றும் சொல்ல மாட்டோம். பள்ளம் அதற்குப் பிறகு. 2025 முதல் சோட்டோவுக்கு மெட்ஸ் அணியில் 15 ஆண்டுக்கு 76.5 கோடி, சராசரி ஆண்டுக்கு 5.1 கோடி. இடையில் 2023-ல் 41 ஹோம் ரன்னும் 73 திருட்டுத் தளமும் எடுத்துத் தேசிய லீகின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கிய அகுன்யாவுக்கு, ஆப்ஷன்கள் முடியும் 2028 வரை அதே 1.7 கோடி. காப்பீடு கொடுத்தது முதல் சில ஆண்டுகளுக்கு. பறித்துக்கொண்டது கடைசி நான்கு ஆண்டுகளை.

கிளப் தரப்பு வாதம் நமக்குத் தெரியாததல்ல: தோற்கும் ஒப்பந்தங்களின் நஷ்டத்தை யார் ஏற்பது? ஜான் சிங்கிள்டன் 2014-ல் ஹூஸ்டனில் முதல் ஆட்டத்துக்கு முன்பே ஐந்து ஆண்டு, 1 கோடிக்கு எழுதிக் கொடுத்தார், அந்த வருடம் .168 என்ற மோசமான சராசரியில் அடித்தார், 2015-க்குப் பிறகு 2023 வரை மேஜர் லீக்கில் ஆளே இல்லை. ஃபிலடெல்ஃபியா 2018-ல் ஸ்காட் கிங்கரிக்கும், சியாட்டல் 2019 இறுதியில் இவான் வைட்டுக்கும் அறிமுகத்துக்கு முன்பே ஆளுக்கு ஆறு ஆண்டு, 2.4 கோடி கொடுத்தன. கிங்கரி சோபிக்கவில்லை. வைட் 84 ஆட்டத்தோடு காயத்தில் முடங்கினார். இந்த மூவருக்கும் ஒப்பந்தம் நல்லதாகவே அமைந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மூன்று தோல்வியும் சேர்ந்து 5.8 கோடி. ஆல்பீஸ் ஒருவரின் 2024, 2025, 2026 ஆண்டுகளை அந்தந்த ஆண்டுக் குவாலிஃபையிங் ஆஃபர் தொகையோடு (சம்பளப் பட்டியலில் மேலே உள்ள 125 பேரின் சராசரி) ஒப்பிட்டாலே வித்தியாசம் 4.2 கோடியைத் தாண்டுகிறது. முப்பது கிளப்புகள் இந்தச் சீட்டை வருடா வருடம் போடுகின்றன. சராசரி அவர்களைக் காப்பாற்றும். வீரருக்கு ஒரே சீட்டு. டாம்பா பே 2008-ல் இவான் லாங்கோரியாவுக்கு அறிமுகமான ஆறாம் நாளே ஆறு ஆண்டு, 1.75 கோடி கொடுத்து, ஆப்ஷன்களோடு ஒன்பது ஆண்டு, 4.4 கோடி வரை கட்டிப்போட்டதிலிருந்தே எல்லா அலுவலகத்துக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம்.

விலை வைக்க முடியாத ஒன்றா இது? இல்லை. வைத்தவர்கள் இருக்கிறார்கள். அதே சியாட்டல் 2022 ஆகஸ்டில் ஹூலியோ ரோட்ரிகஸுக்கு எழுதியது 20.93 கோடிக்கு உத்தரவாதம். 2029 வரை ஏறத்தாழ 11.93 கோடி. 2028 சீசன் முடிந்ததும் கிளப் தன் ஆப்ஷனை எடுப்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டும். அதன் விலை, மிகச் சிறந்த வீரர் வாக்கெடுப்பில் அவர் பெறும் இடங்களுக்கு ஏற்ப எட்டு ஆண்டு 20 கோடியிலிருந்து பத்து ஆண்டு 35 கோடி வரை ஏறும். கிளப் வேண்டாம் என்றால், ஐந்து ஆண்டு 9 கோடி என்ற ஆப்ஷன் வீரரின் கைக்கு வரும். நன்றாக ஆடினால் விலை ஏறும், ஆடாவிட்டால் அடியில் வலை இருக்கும். கான்சஸ் சிட்டி சின்னச் சந்தைதான்; 2024-ல் பாபி விட் ஜூனியருக்கு 11 ஆண்டு, 28.88 கோடி கொடுத்து, 2030 முதல் 2033 வரை ஒவ்வொரு சீசன் முடிவிலும் வெளியேறும் உரிமையையும் அவரிடமே கொடுத்தது. கிளப் ஆப்ஷன் அதிலும் உண்டு. ஆனால் கதவின் சாவி முதலில் வீரரிடம் இருக்கிறது. "எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்று சின்ன அணிகள் சொன்னால் இந்தத் தாளை எடுத்துக் காட்டுங்கள்.

இனி கோரிக்கையின் உள்விவரம். மூன்று சேவை ஆண்டு நிறையாத வீரர் போடும் எந்த ஒப்பந்தத்திலும், கிளப் ஆப்ஷன் ஆண்டின் சம்பளம் அந்த ஆண்டுக்கான குவாலிஃபையிங் ஆஃபருக்குக் கீழே போகக் கூடாது. புதிதாக எந்தச் சூத்திரமும் தேவையில்லை. சம்பளப் பட்டியலில் மேலே உள்ள 125 பேரின் சராசரிதான் அது, வருடா வருடம் இரு தரப்பும் ஏற்கெனவே கணக்கிடுகின்றன. 2012-ல் 1.33 கோடியாக இருந்தது, 2026 சீசனுக்கு 2.2025 கோடி. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அதைவிட அதிகமாக இருந்தால் எழுதியதே நிற்கட்டும். மில்வாக்கி 2023 டிசம்பரில், ஜாக்சன் சூரியோவுக்கு 19 வயதில், அறிமுகத்துக்கு முன்பே எட்டு ஆண்டு, 8.2 கோடி கொடுத்தது. அதில் இரண்டு ஆப்ஷனுக்கும் அடிப்படை விலை தலா 2.5 கோடி. இன்று பார்த்தால் கௌரவமான தொகை. 2033-ல் அதைப் பார்ப்பவருக்கு எப்படித் தோன்றும் என்பதற்குத்தான் நகரும் அளவுகோல் வேண்டும்.

கிளப்புகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடிப்பார்கள்: ஆப்ஷனை நீக்கிவிட்டு அந்த ஆண்டுகளையும் குறைந்த விலைக்கு உத்தரவாத ஆண்டுகளாக எழுதுவார்கள். எழுதட்டும். அப்போது காயமும் சரிவும் அவர்கள் தலையில் விழும். இரண்டு பக்கமும் பந்தயம் கட்டியதாக இருக்கும். உத்தரவாதத் தொகை கொஞ்சம் குறையலாம் என்பதும் உண்மை, அதை மறைக்க வேண்டாம். அந்த இடத்தைச் சங்கம் நிரப்பலாம். மேஜர் லீக் அணியின் 40 பேர் பட்டியலில் நுழைந்த நாளிலிருந்து உடல் இயலாமைக் காப்பீட்டின் பிரீமியத்தைச் சங்க நிதியிலிருந்து கட்டுங்கள், வருங்கால வருமானத்தில் பங்கு கேட்கும் நிறுவனங்களிடம் போகாமலிருக்கக் குறைந்த வட்டியில் முன்பணம் கொடுங்கள். பயம் குறைந்தால் பேரத்தில் நிதானம் வரும்.

ஒரு வரம்பைத் தாண்டிச் சம்பளம் கொடுக்கும் அணிகள் கட்ட வேண்டிய ஆடம்பர வரியைக் காரணம் காட்டுவார்கள்: வரிக்கணக்கில் சராசரித் தொகைதான் ஏறும் என்பதால், முதல் வருடம் 10 லட்சம் கொடுத்தாலும் அகுன்யா 1.25 கோடியாகத் தெரிவார், எங்களுக்கு இடிக்கிறது என்பார்கள். பின்னாளில் 1.7 கோடி கொடுக்கும்போதும் அதே 1.25 கோடிதான் ஏறுகிறது. அதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

இந்த விதி வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இளம் வீரர் கையெழுத்திடும் முன் சங்கம் ஒரு பக்கத் தாள் கொடுக்க வேண்டும், அவர் வீட்டில் பேசும் மொழியில். எந்த ஆண்டு குறைந்தபட்ச சம்பள ஆண்டு, எது ஆர்பிட்ரேஷன், எது திறந்த சந்தை. ஒவ்வொன்றுக்கும் எதிரே கிளப் எழுதிய தொகை. ஆப்ஷன் தொகையிலிருந்து பைஅவுட்டைக் கழித்தால் கிளப் உண்மையில் என்ன கொடுக்கிறது. எத்தனை வயதில் வெளியே வருவார். அகுன்யா விஷயத்தில் 2027 ஆப்ஷனின் பைஅவுட் 1 கோடி. 1.7 கோடி ஆப்ஷனில் கிளப் புதிதாக எடுத்து வைக்கப்போவது 70 லட்சம். மொத்தத் தொகையைத் தலைப்பில் போட்டு இந்த 70 லட்சத்தைப் பதினோராம் பக்கத்தில் வைக்கும் வழக்கத்தை உடைக்க அந்தத் தாள் போதும்.

சூரியோவின் முதல் ஆப்ஷன் ஆண்டு 2032. அடுத்த கூட்டு ஒப்பந்தமும் ஐந்து ஆண்டுக்கு என்றால் 2031-ல் முடிந்துவிடும். இப்போது விட்டால், இன்றைக்குக் கையெழுத்திடும் பையன்களின் ஆப்ஷன்களை கிளப்புகள் எடுக்கத் தொடங்கும் நேரத்தில்தான் மறுபடி மேசைக்கு வருவீர்கள்.

இப்படிக்கு,
பேஸ்பால் ஒப்பந்தக் கணக்குகளைத் தொடர்ந்து பார்த்துவரும் தமிழ் ரசிகர்கள் சிலர்