பக் நாயை ஏற்றமாட்டோம் என்பதைப் பயணச்சீட்டு விற்கும்போதே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மே மாதம் என் மருமகனுக்குத் தில்லிக்கு மாற்றல் வந்தது. அவர்கள் ஆறு ஆண்டுகளாக வளர்த்துவரும் பக் நாயையும் உடன் கொண்டுசெல்லும் எண்ணத்தில் சென்னையிலிருந்து விமானப் பயணச்சீட்டு எடுத்தோம். கால்நடை மருத்துவரின் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, புதிதாக வாங்கிய கூண்டு ஆகியவற்றுடன் கானாடுகாத்தானிலிருந்து இரவு முழுவதும் காரில் பயணம் செய்து விடியற்காலையில் விமான நிலையம் சேர்ந்தோம். அங்கே கூண்டோடு எடை போட்டுப் பார்த்துவிட்டு, பயணிகள் பகுதியில் கொண்டுசெல்ல அனுமதித்த எடையைத் தாண்டிவிட்டது என்றார்கள். அப்படியானால் சரக்கு அறையில் ஏற்றுங்கள் என்று கேட்டதற்கு, பக் இனத்தைச் சரக்கு அறையில் ஏற்றுவதே இல்லை என்று விடை வந்தது. முன்னதாக இரண்டு முறை தொலைபேசியில் விசாரித்தபோது, நாயைக் கொண்டுவரலாம் என்று சொன்னார்களே தவிர, என்ன இனம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பேத்தி அழுதுகொண்டே விமானம் ஏறினாள். நானும் நாயும் ஊர் திரும்பினோம்.

பின்னர் எங்கள் கால்நடை மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகு, அந்த விதியின்மேல் எனக்கிருந்த கோபம் தணிந்துவிட்டது. அதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டதன்மேல் உள்ள கோபம் இன்னும் தணியவில்லை. அதனால்தான் இக்கடிதம்.

நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இளைத்துத்தான், அதாவது வேகமாக மூச்சுவாங்கித்தான், அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பக், புல்டாக், பாக்சர், ஷிட்ஸூ போன்ற சப்பை மூக்கு இனங்களில், தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததில் முகத்தின் எலும்பு குறுகிவிட்டதே ஒழிய, உள்ளே இருக்கும் சதை அதற்கேற்பக் குறையவில்லை. மூக்குத் துளை கீறலாகச் சுருங்கி, மேலண்ணத்தின் மென்சதை தொண்டைக்குள் இறங்கிக் காற்றை மறிக்கிறது. எங்கள் வளவில், குளிர்ந்த ஆத்தங்குடிக் கல்லின்மேல் படுத்திருக்கும்போதுகூட இந்த நாய் குறட்டைவிட்டுத்தான் மூச்சிழுக்கிறது. அதை நாங்கள் செல்லக் குறும்பாக எண்ணி ரசித்திருந்தோம் என்பதை நினைக்க இப்போது வருத்தமாக இருக்கிறது.

விமானத்தின் சரக்கு அறையில் காற்றே இராது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று, பயணிகள் பகுதியைப் போலவே அங்கும் காற்றழுத்தம் காக்கப்படுகிறது. ஏற்றுவதற்கு முன்னும் இறக்கிய பின்னும் ஓடுதளத்துக்கு அருகே வெயிலில் கூண்டு காத்துக்கிடக்கும் நேரமே பெரிய ஆபத்து. அச்சத்தாலும் வெக்கையாலும் இளைப்பு மிகும். இளைக்க இளைக்கத் தொண்டைச் சதை வீங்கி மூச்சுவழி மேலும் அடைபடும். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஐந்தாண்டுகளில் விமானப் பயணத்தின்போது இறந்ததாக அரசுக்குத் தெரிவிக்கப்பட்ட 122 நாய்களில் ஏறத்தாழப் பாதி, மூக்குக் குறுகிய இனங்களே. இங்கிலீஷ் புல்டாக் மட்டும் 25, பக் 11. விமானத்துக்குக் கொண்டுசெல்லும்போதும் அங்கிருந்து எடுத்துவரும்போதும் நாயை 29.5 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் 45 நிமிடத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது அந்நாட்டு விதி. சென்னையின் மே மாதப் பகலில் அந்த அளவுக்குச் சூடு இறங்குவதே அரிது. அன்று அவர்கள் நாயை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அஞ்சுகிறேன்.

2024 மார்ச்சில் பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 இனங்களைத் தடைசெய்யுமாறு மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிய சுற்றறிக்கையோடு இதையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டு, "உங்கள் நாய் கடிக்குமா?" என்று ஊரில் பலர் என்னைக் கேட்டார்கள். அச்சுற்றறிக்கையைக் கர்நாடக உயர்நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்துசெய்தது. அந்தச் சுற்றறிக்கை மனிதரைக் காக்க எண்ணியது. நான் எழுதும் விதி நாயைக் காப்பது. காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் மக்கள் அதை மதிப்பார்கள்.

ஆகவே விமான நிறுவனங்களை நான் கேட்பது விதியைத் தளர்த்துமாறு அல்ல. நாயோடு வருகிறோம் என்று பதிவுசெய்யும் அந்த நொடியிலேயே இனம், எடை, கூண்டின் அளவு ஆகியவற்றைக் கேட்டு, முடியாதென்றால் அப்போதே, தமிழிலும், முடியாதென்று சொல்லுங்கள். தொலைபேசியில் விடை சொல்பவரிடமும் அந்த இனப் பட்டியல் இருக்கட்டும். 2003இல் வந்த ஒரு கைப்பேசி விளம்பரத்துக்குப் பின் நம் நாட்டில் வீடு வீடாகப் பக் நாய்க்குட்டிகள் வந்தன. வெயில் கொளுத்தும் எங்கள் சிவகங்கைச் சீமைக்கு அந்த மூக்கு ஏற்றதன்று என்பதைக் குட்டி விற்பவர்களும் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாட்டு நாய்கள் நீண்ட மூக்கோடு திரியும் மண் இது.

ரயிலில் முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தனியறை முழுவதையும் பதிவுசெய்தால் நாயை உடன் கொண்டுசெல்லலாம் என்று ரயில்வே தன் விதியில் எழுதி வைத்திருக்கிறது. செலவு அதிகம்தான். ஆனால் அந்தச் செலவைச் செய்வதா வேண்டாமா என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவுசெய்ய முடிந்தது. வெயில் தணிந்ததும், கார்த்திகையில், பேத்தியிடம் அவள் நாயைக் கொண்டுபோய்ச் சேர்க்கவிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்.